நூறு பேப்பருக்கு பத்து சென்ட்

அப்துல் கலாம் முதன்முதலா காசு சம்பாதிச்ச கதை நம்மில் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 'அக்னிச் சிறகுகள்'ல வரும். 1939ல் உலகப்போர் ஆரம்பிச்சப்போ அவர் எட்டு வயசுப் பையன். எதுக்குன்னே தெரியாம ராமேஸ்வரத்துல புளியங்கொட்டைக்கு திடீர் கிராக்கி. பொறுக்கிட்டுப் போய் மசூதித் தெரு மளிகைக் கடையில் கொடுத்தா நாளுக்கு ஒரு அணா. அப்புறம் போர் காரணமா ராமேஸ்வரத்துல ரயில் நிக்கறது நின்னுபோச்சு. தனுஷ்கோடி போற வழியில, ஓடற ரயில்ல இருந்து பேப்பர் கட்டை வெளிய வீசுவாங்க. பேப்பர் ஏஜெண்டா இருந்த அவரோட உறவுக்காரர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. கலாமோட முதல் சம்பளம் அப்படி வந்ததுதான்.

போர் வந்தா பேப்பர் விக்கும், பேப்பர் வித்தா பசங்க கையில காசு புழங்கும். இதே கணக்கு கலாமுக்கு 40 வருஷம் முன்னாடி நியூயார்க்ல பெரிய அளவுல நடந்திருக்கு. ஆனா அங்க போர் கொடுத்ததை, போர் முடிஞ்சதும் முதலாளிங்க திருப்பி எடுத்துக்கப் பார்த்தாங்க. அந்தக் கதையைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

1890கள்ல நியூயார்க் தெருவுல பேப்பர் வித்ததெல்லாம் பத்துலேர்ந்து பதினைஞ்சு வயசுப் பசங்க. அங்கங்கே சில பொண்ணுங்களும் உண்டு. இவங்க யாரும் பத்திரிகை ஆபீஸோட வேலைக்காரங்க கிடையாது. சம்பளம் இல்லை, கமிஷனும் இல்லை. கைக்காசைப் போட்டு மொத்தமா வாங்கணும், தெருவுல கூவி விக்கணும். விக்காம மீந்தது உங்க தலையில. நான் ஒன்பதாவது லீவுல ஒரு மாசம் பேப்பர் போட்டிருக்கேன். எங்க ஊர் ஏஜெண்ட் அண்ணன் மீந்ததை எடைக்குப் போடுவார், நஷ்டம் அவரோடது, எனக்கு மாசம் பொறந்தா சம்பளம். நியூயார்க் பசங்களுக்கு அந்த ஏஜெண்ட் அண்ணனும் அவங்களேதான்.

விலை விவரம் இதுதான். நூறு பேப்பர் 50 சென்ட். ஒண்ணு ஒரு சென்ட்டுக்கு விக்கணும். நூறும் வித்தா 50 சென்ட் லாபம். 1898ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்துச்சு. புலிட்சரோட 'வேர்ல்ட்', ஹெர்ஸ்ட்டோட 'ஜர்னல்' ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு போர்ச் செய்தியை ஊதிப் பெருக்கின காலம். (ஆமா, விருதுக்குப் பேர் இருக்கே, அதே புலிட்சர்தான்.) விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு. இதான் சாக்குன்னு நூறு பேப்பர் விலையை 60 சென்ட் ஆக்கினாங்க. பசங்க முணுமுணுக்கக்கூட இல்லை. தலைப்புல ஒரு போர்க்கப்பல் மூழ்கினா போதும், கட்டு காலி ஆயிடும். பத்து சென்ட் அதுல தெரியவே இல்லை.

ஆகஸ்ட்ல சண்டை நின்னுடுச்சு. விற்பனை படுத்துச்சு. விலையை ஏத்தின மத்த பத்திரிகைகள் பழைய விலைக்குத் திரும்பிட்டாங்க. இந்த ரெண்டு பேர் மட்டும் இறங்கலை.

'பத்து சென்ட்தானே'ன்னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. ஒரு காகிதத்துல போட்டுப் பார்த்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. செய்தி மந்தமான ஒரு நாள்ல நூறு வாங்கி எழுபதுதான் வித்துச்சுன்னு வைங்க. பழைய விலையில 70லேர்ந்து 50 போக 20 சென்ட் மிஞ்சும். புது விலையில 70லேர்ந்து 60 போக 10 சென்ட். மொத்த விலை அஞ்சுல ஒரு பங்குதான் ஏறியிருக்கு, ஆனா பையனோட வருமானம் சரிபாதி ஆயிடுச்சு.

அந்தப் பத்து சென்ட்டுக்கு என்ன மதிப்பு? வீடு இல்லாத பேப்பர் பசங்களுக்குன்னு நியூயார்க்ல 1854லேர்ந்தே ஒரு விடுதி இருந்துச்சு. இலவசம் கிடையாது. பசங்க கையேந்தப் பழகக் கூடாதுன்னு காசு வாங்கிட்டுத்தான் சேர்ப்பாங்க. ஜேக்கப் ரீஸ் 1890ல் எழுதின புத்தகத்துல அந்த ரேட் இருக்கு: படுக்கை 6 சென்ட், ரொட்டியும் காப்பியும் 6, ராத்திரிச் சாப்பாடு 6. ஆகமொத்தம் 18. இப்ப மறுபடி கணக்கைப் பாருங்க. 20 சென்ட் கிடைச்ச பையன் படுத்து, சாப்பிட்டு, 2 சென்ட் மீதி வெச்சிருப்பான். 10 சென்ட் கிடைச்சவன் படுக்கைக்கு 6 கொடுத்துட்டா மிச்சம் 4. அதுல காலை ரொட்டிகூட வராது. 1899ல் பெரும்பாலான பசங்க அப்பா அம்மாவோட இருந்தவங்கதான், காசு வீட்டுக்குப் போகும். அந்த வீடுகளும் சென்ட்டை எண்ணித்தான் ஓடிச்சு.

ஜூலை 18ல் லாங் ஐலண்ட் சிட்டியில் ஒரு விநியோக வண்டிக்காரர் கட்டுல எண்ணிக்கை குறைச்சுக் கொடுத்து மாட்டிக்கிட்டார். பசங்க வண்டியைக் கவுத்துட்டாங்க. ரெண்டு நாள்ல மன்ஹாட்டன், புரூக்ளின் எல்லாம் ஸ்டிரைக். ரெண்டு பேப்பரையும் தொட மாட்டோம், மத்தவங்க பேப்பரை மட்டும்தான் விப்போம்னு கிளம்பிட்டாங்க. தலைவனா அடிபட்ட பேர் கிட் பிளிங்க். ஒரு கண்ணுல பார்வை இல்லை, அதான் அந்தப் பேர். ஜூலை 24ல் இர்விங் ஹால்ல கூட்டம். உள்ளே கொள்ளாம வெளியவும் சேர்த்து 5,000 பேர் வரைக்கும் வந்ததா மத்த பத்திரிகைகள் எழுதினாங்க. போட்டிக்காரன் வீட்டுல தீப்பிடிச்சா கேக்கணுமா, பத்தி பத்தியா எழுதித் தள்ளினாங்க :-) பசங்க பேசின தெருவோரக் கொச்சையைக்கூட அப்படியே அச்சடிச்சாங்க.

எல்லாம் அகிம்சைன்னு நினைச்சுக்காதீங்க. கட்டுப்பாட்டை மீறி வித்தவனுக்கு நல்ல அடி, பேப்பரைக் கிழிச்சுத் தெருவுல பறக்க விட்டாங்க, போலீஸ் பிடிச்சுக்கிட்டும் போச்சு. பேப்பர் வித்த பொம்பளைங்க மேல மட்டும் கை வைக்கறதில்லைன்னு ஒரு கட்டுப்பாடு இருந்திருக்கு. கடைசியில கிட் பிளிங்கே காசு வாங்கிட்டான்னு பேச்சு கிளம்பி, தலைமை கைமாறிடுச்சு. அவன் மறுத்தான். உண்மை எதுன்னு இன்னிக்கு வரை சண்டை போடலாம்.

'வேர்ல்ட்' பத்திரிகை விற்பனை 3,60,000லேர்ந்து 1,25,000க்கு இறங்கினதா சொல்றாங்க. அதோட மேலாளர் டான் சைட்ஸ் முதலாளிக்கு அனுப்பின குறிப்புகள்ல பதற்றம் நல்லாவே தெரியும். ஆகஸ்ட் 2ல் ஒப்பந்தம். விலை 60 சென்ட்டேதான், இறங்கலை. ஆனா விக்காத பேப்பரை முழுக் காசுக்குத் திருப்பி எடுத்துப்போம்னு ஒத்துக்கிட்டாங்க.

இதைப் பத்தி எழுதறவங்க நிறைய பேர் 'சமரசம்', 'பாதி வெற்றி'ன்னு முடிச்சுடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அதே எழுபது பேப்பரை எடுத்துக்குங்க. முப்பதைத் திருப்பிக் கொடுத்துட்டா எழுபதுக்கு 42 சென்ட்தான் கட்டணும். லாபம் 28. போருக்கு முன்னாடி இருந்த பழைய விலையில அவனுக்குக் கிடைச்சது 20தான்! நூறுல 83 பேப்பர் வரைக்கும் விக்கறவனுக்குப் பழைய விலையை விட இந்த ஒப்பந்தம்தான் லாபம். 84லேர்ந்துதான் பழைய விலை நல்லது. அதுவும் தினம் நூறையும் வித்துத் தீர்க்கற கில்லாடிக்கு வேணும்னா பத்து சென்ட் நஷ்டம். மழை நாள்ல மாட்டிக்கிற பொடியனுக்கு இல்லை. நாளைக்கு என்ன செய்தி வரும்னு சூதாடற வேலையை முதலாளி தலையில திருப்பி வெச்சுட்டாங்க பசங்க.

டிஸ்னி 1992ல் இதைப் படமா எடுத்தாங்க, ஓடலை. 2012ல் பிராட்வேல மேடை நாடகமா வந்து நல்லா ஓடிச்சு. பாட்டு, டான்ஸ் எல்லாம் உண்டு.

சட்டம் என்ன பண்ணுச்சுன்னா, 1903ல் நியூயார்க்ல பேப்பர் பசங்களுக்கு பேட்ஜ் கொண்டுவந்தாங்க. பத்து வயசுக்குக் கீழ விக்கக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல கூடாது. பேட்ஜை யாரும் பெரிசா மதிக்கலை. 1908லேர்ந்து லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்கள்ல அமெரிக்கா முழுக்க ஆறேழு வயசுப் பொடிசுங்க பேப்பர் கட்டோட நிக்கறதைப் பார்க்கலாம். 1938ல்தான் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தி நாடு முழுக்கச் செல்லுபடியாகிற சட்டம் நிலைச்சது. வீட்டுக்கு வீடு பேப்பர் போடறவங்களுக்கு அந்தச் சட்டத்தோட வயசு வரம்பும் கிடையாது, குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. அந்த விதிவிலக்கு இன்னிக்கும் அப்படியே இருக்கு.