ஸ்கிப் இன்ட்ரோ: ஒரு போர்ட்ஃபோலியோ வரலாறு

அண்ணன் பொண்ணு டிசைன் படிக்கிறா, கடைசி வருஷம். வேலைக்கு விண்ணப்பிக்கப் போர்ட்ஃபோலியோ தளம் வேணுமாம். "நீங்க படிக்கும்போது எப்படிப் பண்ணீங்க சித்தப்பா? காட்டுங்களேன்"னு கேட்டா. பரண்ல கிடந்த 2003-ம் வருஷத்து சிடியைத் தேடி எடுத்தேன். அது ஓடுச்சா இல்லையாங்கிறதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம்.

போர்ட்ஃபோலியோன்னா முதல்ல நிஜமாவே ஒரு பைதான். பெரிய கறுப்புப் பை, உள்ளே வரைஞ்ச தாள்கள், அச்சடிச்ச போஸ்டர்கள். தூக்கிக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கணும். வலை வந்தப்புறம் அந்தச் சுமை இறங்குச்சு. 1994-ல் ஆரம்பிச்ச ஜியோசிட்டீஸ் இலவசமா இடம் கொடுத்தது. ஊர் மாதிரியே பேட்டை பேட்டையா பிரிச்சிருந்தாங்க. கலை, எழுத்து ஆட்களுக்கு சோஹோன்னு ஒரு பேட்டை.

இடம் கிடைச்சது, ஆனா டிசைன் பண்ண வழி கிடைக்கலை. எச்.டி.எம்.எல்-ங்கிறது ஆவணங்களுக்காக உருவானது. தலைப்பு, பத்தி, சுட்டி, அவ்வளவுதான். டிசைன் படிக்கிறவனுக்கோ படம் இங்கே, எழுத்து அங்கேன்னு அளந்து வச்ச மாதிரி வேணும். 1996-ல் டேவிட் சீகல் தன்னோட புத்தகத்துல ஒரு குறுக்கு வழியைப் பிரபலமாக்கினார்: கோடு தெரியாத டேபிள் போட்டு பக்கத்தைக் கட்டம் கட்டு, இடைவெளி வேணும்னா ஒரே ஒரு பிக்சல் அளவு கிஃப் படத்தை இழுத்து நிரப்பு. அதே வருஷம் டிசம்பர்ல சி.எஸ்.எஸ் முதல் தரநிலை வந்துடுச்சு. ஆனா ஒவ்வொரு உலாவியும் அதை ஒவ்வொரு விதமா காட்டினதால பல வருஷம் டேபிள் ராஜ்ஜியம்தான். வலையைக் கெடுத்ததே நான்தான்னு சீகலே 1997-ல் ஒரு கட்டுரை எழுதிட்டார், பாவம் :-)

அப்புறம் வந்தது ஃப்ளாஷ். 1996-ல் ஃபியூச்சர்ஸ்ப்ளாஷ்ங்கிற பேர்ல வந்ததை மேக்ரோமீடியா வாங்கிப் பேர் மாத்துச்சு. எந்த உலாவியிலும் ஒரே மாதிரி தெரியும். நமக்குப் பிடிச்ச எழுத்துரு, அசைவு, சத்தம் எல்லாம் உண்டு. எங்களுக்குச் சொர்க்கமே கிடைச்ச மாதிரி. ஜோஷுவா டேவிஸோட ப்ரேஸ்டேஷன் தளம் 2001-ல் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா பரிசு வாங்கினதும், நாமளும் ஒரு நாள் இப்படின்னு கனவு கண்டவங்க ஏராளம். ஃப்ளாஷ் 99 சதவீதம் மோசம்னு 2000-லேயே ஜேக்கப் நீல்சன் எழுதினார். ரசனை கெட்ட மனுஷன்னு சிரிச்சோம்.

2003 மே மாசம் டேவ் ஷே, சி.எஸ்.எஸ் ஜென் கார்டன்னு ஒரு தளம் போட்டார். ஒரே எச்.டி.எம்.எல் பக்கம். அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக்கூடாது. சி.எஸ்.எஸ்ஸையும் படங்களையும் மட்டும் மாத்தி யார் வேணா புது டிசைன் அனுப்பலாம். இருநூறுக்கும் மேல சேர்ந்துச்சு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை. உள்ளடக்கம் வேற, உடுப்பு வேறன்னு கண்ணால காட்டினது அதுதான். நான்? அதே வருஷம் ஃப்ளாஷ்ல நாற்பது நொடி இன்ட்ரோ செஞ்சுக்கிட்டிருந்தேன்.

மீதிக் கதை வேகமா ஓடும். 2007-ல் வந்த ஐஃபோன்ல ஃப்ளாஷ் இல்லை. 2009 அக்டோபர்ல யாஹூ ஜியோசிட்டீஸை மூடுச்சு. 2010 மே மாசம் ஈதன் மார்கோட், ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் வளைஞ்சு கொடுக்கிற முறையை எழுதினார். 2005-லேயே மேக்ரோமீடியாவை வாங்கியிருந்த அடோபி, 2020 டிசம்பர் 31-ஓட ஃப்ளாஷுக்கு முழுக்குப் போட்டுச்சு.

சரி, சிடிக்கு வருவோம். பழைய ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்ட ரஃபிள்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல போட்டேன். இன்ட்ரோ ஜம்முனு ஓடுச்சு. என் பேர் சுத்திக்கிட்டே வந்து நின்னுச்சு. அடுத்து "லோடிங் 0%". அங்கேயே நிக்குது. உள்ளே இருந்த ஒவ்வொரு பகுதியையும் ஒரு இலவசத் தளத்துல ஏத்தி, அந்த முழு முகவரியையே நிரல்ல எழுதி வச்சிருந்தேன். அந்தத் தளம் போய் எத்தனையோ வருஷமாச்சு. மூலக் கோப்புகளைச் சிடியில சேர்க்காம விட்டது என் சோம்பேறித்தனம். ரெண்டு வருஷ வேலை, மிச்சம் என் பேர் மட்டும்.

அவ விடலை. "இது என்ன சித்தப்பா?"ன்னு இன்னொரு கோப்பைத் திறந்தா. ஃப்ளாஷ் இல்லாதவங்களுக்காக, டயல்-அப் ஆசாமிகளுக்காக, அரைமனசா இருபது நிமிஷத்துல செஞ்ச வெறும் எச்.டி.எம்.எல் பக்கம். வெள்ளைப் பின்னணி, நீலச் சுட்டிகள், கூடவே ஒரே ஃபோல்டர்ல ஆறு படங்கள். ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் யாருக்காகச் செஞ்சேன், ஏன் அப்படிச் செஞ்சேன்னு ரெண்டு வரி.

எல்லாமே திறந்துச்சு. ஆறும்.

ரொம்ப நேரம் படிச்சிட்டு, "இதுதான் சித்தப்பா எங்க சார் கேக்குறார், ஏன் செஞ்சேங்கிற அந்த ரெண்டு வரி"ன்னா. அப்புறம் அவ தளத்தைத் திறந்து, முதல் பக்கத்துல சுத்திக்கிட்டிருந்த அவ பேரைத் தூக்கிட்டா.