ஓர் ஊசிக்கு ஓர் ஊசி

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாற்றைச் சென்னையிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளரிடம் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. நாட்டின் முதல் தொற்றுகள் அவ்வாறுதான் தெரியவந்தன. உடலுறவால் பரவும் நோய் என்ற சித்திரம் அதனால் பொதுமனத்தில் ஆழப் பதிந்தது. தென்மாநிலங்களைப் பொறுத்தவரை அது பிழையுமன்று. 2003இல் தொடங்கிய அவாகான் திட்டம், ஹைதராபாத் உள்ளிட்ட அன்றைய ஆந்திரப் பகுதிகளில் பாலியல் தொழிலாளரிடையேதான் பெரிதும் பணியாற்றியது. ஊசிவழி போதைப்பொருள் ஏற்றுவோருக்கான அதன் பணி மணிப்பூரையும் நாகாலாந்தையும் மையமாகக் கொண்டிருந்தது.

அந்த மணிப்பூரில் 1989க்கும் 1990க்கும் இடையே நிகழ்ந்தது, பெருந்தொற்று வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஊசி ஏற்றுவோரிடையே அறவே காணப்படாத தொற்று, ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதிப்பேரைப் பற்றிக்கொண்டது. மியான்மர் எல்லை வழியே வந்த ‘நம்பர் ஃபோர்’ ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. ஊசியோ எளிதில் கிடைக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் விற்கத் தயங்கினார். கையில் ஊசியுடன் நிற்பவரைக் காவலர் ஐயுற்றார். ஆகவே சொட்டுமருந்துக் குழாயின் நுனியில் ஊசியைச் செருகி, பலரும் அதையே மாறிமாறிப் பயன்படுத்தினர். முதலாமவரின் நாளத்திலிருந்து குழாய்க்குள் ஏறும் சிறுதுளிக் குருதி அடுத்தவரின் உடலுக்குள் நேரே சென்றது. ஹெராயின் கிடைக்காதபோது வலிநிவாரணி மாத்திரைக் குப்பியின் பொடியைக் கரைத்து ஏற்றிச் சீழ்க்கட்டிகளுக்கு ஆளானோரும் பலர்.

ஊசி கிடைக்காமல் செய்தால் போதையும் குறையும் என்ற எண்ணம் மணிப்பூருக்கு மட்டும் உரியதன்று. 1980களின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஊசி விற்பனைக்குக் கெடுபிடி விதிக்கப்பட்டது. 1986இல் வெளியான ஆய்வில் அந்நகரில் சோதிக்கப்பட்ட போதை ஊசிப் பயனரில் பாதிப்பேருக்குத் தொற்று இருந்தது. அருகிலுள்ள கிளாஸ்கோவில் அவ்விகிதம் மிகக் குறைவு. ஆம்ஸ்டர்டாமிலோ 1984இலேயே, போதைப் பயனர்களின் சங்கம் ஒன்று நகராட்சியின் சுகாதாரத் துறையோடு சேர்ந்து பழைய ஊசிக்குப் புதிய ஊசி தரத் தொடங்கியிருந்தது. அப்போது அவர்கள் அஞ்சியது எச்.ஐ.வி.யை அன்று, மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை. உலகின் முதல் ஊசிப் பரிமாற்றத்தைத் தொடங்கியதில் நோயாளிகளாகக் கருதப்பட்டவர்களுக்கே முதற்பங்கு உண்டு என்பது பலரும் கவனிக்கத் தவறிய செய்தி.

மணிப்பூரில் முதலில் ஊசியை ப்ளீச் கொண்டு கழுவக் கற்பித்தனர். பின்னர் 1995இல் சுராசந்த்பூரில் ‘ஷாலோம்’ அமைப்பு ஊசிப் பரிமாற்றத்தை மேற்கொண்டது. போதைப் பயனரைக் காலில் சுட்டுத் தண்டித்த ஆயுதக்குழுக்களும், மகனைத் தாங்களே சிறைக்கு அனுப்பிய பெற்றோரும் இருந்த சூழல் அது. அங்கே ஊசியைக் கையில் கொடுப்பது போதையை வளர்ப்பதாகவே பலருக்குத் தோன்றியது. எனினும் 1996இல் மணிப்பூர் அரசு தனக்கென ஓர் எய்ட்ஸ் கொள்கையை வகுத்து, தீங்கு குறைப்பை அதில் ஏற்றுக்கொண்டது. 1990களின் பிற்பகுதியில் 70 விழுக்காட்டைக் கடந்திருந்த தொற்று, அடுத்த பத்தாண்டுகளுக்குள் 20 விழுக்காட்டையொட்டி இறங்கியது. ஊசி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; பலர் அதற்குள் இறந்துபோயிருந்தனர் என்பதையும் இவ்விறக்கத்தைப் படிக்கும்போது மறக்கலாகாது.

‘பரிமாற்றம்’ என்னும் சொல்லையும் சற்று உற்றுநோக்க வேண்டும். பழையதைக் கொண்டுவந்தால்தான் புதியது என்பது அதன் நேர்ப்பொருள். தெருவில் கிடக்கும் ஊசி குறைய அது உதவுகிறது. ஆனால் பயன்படுத்திய ஊசியுடன் காவலரிடம் சிக்க அஞ்சுபவர் அதை எறிந்துவிட்டு வெறுங்கையுடன் வருகிறார். கண்டிப்பான பரிமாற்றம் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். 2009இல் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. அமைப்புகளும் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்கு ஆண்டுக்கு 200 ஊசிகளுக்கு மேல் சென்றடைவதையே உயர்ந்த அளவாகக் கொண்டது. அங்கே கணக்கு சென்றடைந்த ஊசிக்கே, திரும்பி வந்த ஊசிக்கு அன்று.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2007 முதல், ஊசி வழங்கலோடு நாவின்கீழ் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாற்று மருத்துவமும் அரசின் ஆதரவைப் பெற்றது. டெல்லியில் ‘ஷரண்’ அமைப்பு 1993இலேயே இம்மருந்தை வழங்கியிருந்தது. இதே பியூப்ரெனார்ஃபின் சென்னையில் 1990களில் ஊசிவழி போதைப்பொருளாகவும் புழங்கியது என்பது ஒரு வினோதம்.

சட்டம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வந்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைத் தவிர்க்க மேற்கொள்ளும் உத்திகளைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்கிறது. ஊசிப் பரிமாற்றத்தை அது எடுத்துக்காட்டாகவே தருகிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவோ, ஊசிக்குள் ஏறும் பொருளை உட்கொள்வதற்கு இன்றும் சிறைத்தண்டனை விதிக்கிறது. களப்பணியாளர் இவ்விரு பிரிவுகளுக்கும் நடுவில்தான் ஊசிப்பெட்டியைச் சுமந்து நடக்கிறார். வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. விகிதத்தில் நாட்டின் முதலிடம் இப்போது மிசோரத்துடையது; அங்கும் ஊசிவழிப் பரவல் ஒரு முதன்மைக் காரணம்.