எழுதினானா, எழுதுவித்தானா?

'கரிகாலன் கல்லணை கட்டினான்' என்று படிக்கும் தமிழர் எவரும், அவ்வேந்தன் தன் தோளில் கல் சுமந்தான் என்று கருதார். ஏவியவன் செயலையும் இயற்றியவன் செயலையும் ஒரு வினைச்சொல்லாலேயே கூறிவிடுவது நம் வழக்கு. ஆயினும் இவ்விருவரையும் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனப் பிரித்துணர்த்தியதும் நம் இலக்கணமே. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், 'செய்வி' என்பதோடு அமையாது 'செய்விப்பி' என்பதற்கும் விதி வகுத்தார். ஏவுவோன், அவன் ஏவலை மற்றொருவனுக்கு உரைப்போன், செய்து முடிப்போன் என மூவர் அச்சொல்லுள் அடங்குவர்.

வரலாற்று ஆவணங்களில் இவ்வேறுபாடு நன்கு விளங்குகிறது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் முதலாம் இராசராசன் அக்கற்றளியை 'நாம் எடுப்பிச்ச' என்றே குறிக்கிறான், 'எடுத்த' என்றானில்லை. இராசராசப் பெருந்தச்சனான குஞ்சரமல்லனின் பெயரும் அக்கோயிற் கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. ஏவியவனும் இயற்றியவனும் ஒரே கோயிலில் பொறிக்கப்பெற்றமை எண்ணி மகிழத்தக்கது.

நம் செம்மங்குப்பத்திற்குத் தெற்கே தில்லையில் வேறொரு நிலை. முதற் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாய் விளங்கிய மணவிற் கூத்தன் என்னும் நரலோகவீரன், மூவர் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். அவன் திருப்பணிகளைப் போற்றும் தில்லைக் கல்வெட்டு வெண்பாவோ அவனை 'எழுதினான்' என்றே பாடுகிறது. உளி பிடித்தோர் யாவர் என்பதை அப்பாடல் கூறவில்லை. தமிழர்க்கு இதனால் மயக்கமில்லை. சொல்லாத கைகளை நாம் தாமே உணர்ந்துகொள்வோம்.

ஆங்கிலத்தில் பெயர்ப்போர்க்குத்தான் இடர்ப்பாடு. 'கூத்தன் ரோட்' என்று எழுதின், படைத்தலைவன் எழுத்தாளனாகிவிடுவான். 1891இல் வெளிவரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அறிஞர் ஹுல்ட்ஷ், 'எடுப்பிச்ச' என்பதற்குக் 'காஸ்டு டு பி பில்ட்' எனும் தொடரை ஆண்டார். பொருள் பிழையாதது, கல்வெட்டின் மிடுக்குக்கும் ஏற்றது. எனினும் கதைக்கும் கவிதைக்கும் அது விறைப்பானது. அங்கே 'ஹேட் தி டெம்பிள் பில்ட்' என்பதே இயல்பு. சொல்வரிசை மாறி 'ஹேட் பில்ட் தி டெம்பிள்' ஆகிவிட்டால், 'முன்னரே கட்டியிருந்தான்' என்று பொருள் திரிந்து ஏவல் மறைந்துபோம். 'மேட்' எனின் வற்புறுத்தல் தோன்றும். 'காட்' எனின் பேச்சுநடை கலக்கும், சில இடங்களில் இணங்கச் செய்த முயற்சியும் புலப்படும். செய்தவன் பெயர் தெரியுமிடத்து, 'பை' சேர்த்து அவனையும் தொடருள் அமர்த்துதல் அறமாகும்.

ஆகவே மொழிபெயர்க்கப் புகும் நம் வட்டத்துக் கவிஞர்கள், மூலத்திலுள்ள வினை தன்வினையா பிறவினையா என்று பார்ப்பதோடு நில்லாமல், செயல் யாருடையது என்றும் வினவுதல் வேண்டும். 'எழுதினான்' என்ற சொல்லுள் எழுதுவித்தவன் ஒளிந்திருக்கக்கூடும். அவன் பின்னே பெயரற்ற கொல்லரும் சிற்பியரும் நிற்பர். வள்ளலின் புகழைக் குறையாமல் உரைத்து, உழைத்தோர்க்குரிய இடத்தையும் காத்துத் தரும் தொடரே நல்ல பெயர்ப்பு. பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டம் தமிழ்க் கவிதையை அயல்மொழிக்குக் கொண்டுசெல்லுங்கால் இந்நெறி துணை நிற்பதாகுக.