அம்மை குத்தலிலிருந்து வீடு தேடி வரும் மாத்திரை வரை: சென்னை மாகாணத்தில் நோய்த்தடுப்பு ஒரு துறையான வரலாறு

தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையில் ஆஸ்பத்திரிகளை நடத்தும் இயக்ககங்கள் வேறு, பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம் வேறு. நிர்வாக அட்டவணையில் இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்தியாவின் பல மாநிலங்களில் நோய்த்தடுப்புக்கென்று இப்படித் தனி இயக்ககமும், தனிப் பயிற்சி பெற்ற அலுவலர் அணியும் இல்லை. தடுப்பு மருத்துவத்தின் வளர்ச்சியைத் தடுப்பூசிகளின் கதையாகச் சொல்வதே வழக்கம். சென்னை மாகாணத்து ஆவணங்களைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது: மருந்து வந்த பிறகும், அதைக் கொண்டுசெல்ல ஓர் அதிகாரியும், அவர் கையில் ஒரு சட்டமும் வரும்வரை தடுப்பு நிலைபெறவில்லை.

எட்வர்ட் ஜென்னர் பசுவம்மைப் பாலால் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று 1798இல் அச்சிட்டு வெளியிட்டார். 1802 ஜூனில் அந்தப் பால் பம்பாய் வந்து சேர்ந்தது. குளிர்பதன வசதியில்லாத காலம். ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு என்று சங்கிலியாகவே அது பயணப்பட்டது. அதே ஆண்டுகளில் சென்னைக்கும் வந்தது. இங்கே அது எதிர்கொண்டது நோயை மட்டுமல்ல. அம்மை என்பது மாரியம்மன் வருகை. அவள் வந்த வீட்டில் வேப்பிலை கட்டிக் குளிர்விப்பார்களே தவிர ஊசியால் கீறமாட்டார்கள். திருக்குறளை மொழிபெயர்த்த எல்லிஸ் துரை இந்தத் தடையைப் புரிந்துகொண்டவர். பசுவம்மைப் பால் தெய்வத்தின் கொடையே என்று சொல்லும் ஒரு கதையை அவர் தமிழில் எழுதினார். பிரசாரத்துக்காகப் புராணம் புனைவது நேர்மையா என்று கேட்கலாம். எனினும் மக்களின் மொழிக்குள் நுழையாமல் தடுப்பு நடக்காது என்று அந்த அதிகாரி கண்டுகொண்டதை மறுக்க முடியாது. 1818இல் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது நகரெங்கும் கிணறுகள் வெட்டுவித்தவரும் அவரே.

அரசின் கவனம் தனிமனிதக் கையிலிருந்து ஊர்ச் சாக்கடைக்குத் திரும்பியது சிப்பாய்களின் சாவால். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் போர்க்களத்தைவிடப் படைவீடுகளில் அதிகம் மடிவதை 1863இல் வெளிவந்த அரச ஆணைக்குழு அறிக்கை காட்டியது. அதன் பின்னணியில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் உழைப்பு இருந்தது. அடுத்த ஆண்டே சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. நோக்கம் படையின் நலன்தான். குடிமக்கள் ஓரத்தில் நின்றார்கள். ஆனால் பதவி என்று ஒன்று உருவானதும் அதில் அமர்ந்த ஆள் அதை எங்கே கொண்டுபோவார் என்று ஆட்சியால் கணிக்க முடியவில்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877இல், நிவாரண வேலை செய்யும் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் வெட்டினார். சென்னையின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அது பட்டினி அளவு, பின்னால் வரும் கொள்ளைநோய்ச் சாவுக்கு அதுவே வழிவகுக்கும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் மாகாண அரசு படியை உயர்த்தியது; அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. பசியையும் நோய்த்தடுப்பையும் ஒரே கணக்கில் வைத்த முதல் அரசு ஆவணங்களில் கார்னிஷின் குறிப்புகளுக்கு இடம் உண்டு என்பது என் கருத்து.

1880களில் நகரங்களுக்கான அம்மை குத்தும் சட்டம் வந்தது. வெயிலில் பால் கெட்டுப்போகும் சிக்கலுக்கு, அதைக் கம்பளிக் கொழுப்புடன் குழைத்து அனுப்பும் முறையை லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ. ஜி. கிங் கையாண்டார். 1899இல் கிண்டியில் எழுந்த கிங் நிலையம் இன்றும் அவர் பெயரில் நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக இயங்குகிறது.

உண்மையான திருப்பம் 1919ஆம் ஆண்டின் இரட்டையாட்சிச் சீர்திருத்தம். சுகாதாரம் இந்திய அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தது. 1920களின் தொடக்கத்தில், நீதிக்கட்சி ஆட்சியில், பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரும் மாவட்டந்தோறும் சுகாதார அதிகாரிகளும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் 'ஹெல்த் ஆபீசர்' என்று அழைத்த அந்த ஆளுக்கு நோயாளியே கிடையாது. கிணறு, சந்தை, சாக்கடை, சாவடி, பிறப்பு இறப்புப் பதிவேடு இவைதான் அவர் கவனிக்க வேண்டியவை.

அவர் கையில் கிடைத்த ஆயுதம் 1939ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமான சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். அந்தச் சட்டத்தைப் படிப்பது சலிப்பான வேலை. ஆனால் அதன் சலிப்பில்தான் அதன் பலம் இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தொற்றுநோய் அறிவிப்பு, தாய் சேய் நலம், உணவுக் கட்டுப்பாடு, தங்கும் விடுதிகள் என்று ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, செய்யாவிட்டால் யார் தலையிடலாம் என்று எழுதி வைத்தது. உள்ளாட்சிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. தேர்த்திருவிழா முடிந்து திரும்பும் வண்டிகளோடு வாந்திபேதியும் ஊர் ஊராகப் போனதைக் கண்டவர்கள் எழுதிய அத்தியாயம் அது. கூட்டம் சேருமுன் குடிநீரும் கழிப்பிடமும் தயாராக இருக்க வேண்டும் என்பது அன்பான வேண்டுகோளாக இருந்தவரை யாரும் செய்யவில்லை. சட்டக் கடமையானதும் செய்தார்கள்.

விடுதலைக்கு முந்தைய ஆண்டு, 1946இல், சுகாதார அமைப்பை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தது. தடுப்பும் சிகிச்சையும் எல்லா மட்டத்திலும் இணைந்து நடக்க வேண்டும் என்றது அது. கருத்தளவில் குறை சொல்ல முடியாத பரிந்துரை. நடைமுறையில் பல மாநிலங்கள் இரண்டு துறைகளையும் ஒன்றாக்கியபோது, வாசலில் நிற்கும் நோயாளி எப்போதும் முந்திக்கொண்டார். வராத நோய்க்காக வாதாட ஆளில்லாமல் போனது. தமிழ்நாடு இணைக்கவில்லை. இதைத் தொலைநோக்கு என்று மெச்சுவோர் உண்டு; பழைய அமைப்பைக் கலைக்க விரும்பாத நிர்வாக மந்தத்துக்கும் இதில் பங்கிருக்கலாம். எப்படியானாலும் பயன் கிடைத்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாகப்பட்டினம் கடற்கரையைத் துடைத்தெடுத்த பிறகு, முகாம்களில் குளோரின் கலந்த நீரும் பிளீச்சிங் பவுடரும் தட்டம்மைத் தடுப்பூசியும் விரைவாகப் போய்ச் சேர்ந்தன. அஞ்சிய பெருங்கொள்ளைநோய் வரவில்லை.

ஆய்வுக்கூடமாகவும் இந்த மாநிலம் இருந்திருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மற்றொன்றுக்கு நெருக்கடியான வீட்டிலேயேயும் சிகிச்சை தந்தது. குணமாவதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகவும் இல்லை. முறையான மருந்தே பரவலைத் தடுக்கிறது என்ற அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது. ஆனால் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. பெருஞ்சோதனை கசப்பான விடையைத் தந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசி பயன்படவில்லை. கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கும் என்பதாலேயே இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். தடுப்பு மருத்துவத்தையும் சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும் என்பதற்குச் செங்கல்பட்டைவிடப் பெரிய சான்று அரிது.

பழைய சட்டமும் ஓய்ந்துவிடவில்லை. கோவிட் காலத்தில் முகக்கவசம் அணியாதவருக்கு அபராதம் விதிக்க அரசு 2020இல் திருத்தியது அதே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

இன்று பகை மாறிவிட்டது. 2020இல் மாநில அளவில் நடந்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. இதற்கு விடையாக 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது; 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதையும் பெற்றது. மாத்திரை வாசலுக்கு வருவதால் பக்கவாதமும் மாரடைப்பும் குறையும், அதில் ஐயமில்லை. ஆனால் இது நோய் வந்தபின் அதன் விளைவைத் தடுப்பது. நோயையே தடுக்கும் வேலை உப்பிலும் எண்ணெயிலும் மதுவிலும் நடைபாதையிலும் இருக்கிறது. புகையிலையைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டு. மதுவையோ 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக விற்கிறது. ஒரு துறை ரத்த அழுத்த மாத்திரையோடு தெருவுக்குள் நுழைகையில், இன்னொரு துறை அதே தெருமுனையில் புட்டி விற்றுக்கொண்டிருக்கிறது.

கிணற்றையும் தேர்த்திருவிழாவையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கவனித்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில், பொட்டலத் தின்பண்டத்தின் உப்பளவுக்கோ நடப்பதற்கான பாதைக்கோ பொறுப்பான அதிகாரி யார் என்று சொல்லும் அத்தியாயம் இன்னும் சேரவில்லை. சட்டமன்றம் எழுத வேண்டியது அதைத்தான்.