பால் காய்ச்சல்

பால் காய்ச்சல் என்பது கன்று ஈன்ற கறவை மாட்டின் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்குவதால் வரும் நோய். பெயரில் மட்டும்தான் காய்ச்சல். தொட்டுப் பார்த்தால் காது சில்லிட்டிருக்கும், உடல்வெப்பமும் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். பெரும்பாலும் ஈன்ற மூன்று நாளுக்குள், மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட நல்ல கறவைகளைத் தாக்கும். ஜெர்சி இனத்தில் அதிகம். தமிழ்நாட்டில் ஜெர்சிக் கலப்பினம் பரவலாக இருப்பதால் இங்கும் தெரிந்த நோய்தான்.

ஒரு பெரிய பசுவின் இரத்தநீரில் உள்ள மொத்தக் கால்சியம் சுமார் 3 கிராம். ஒரு லிட்டர் சீம்பாலோ ஏறக்குறைய 2 கிராமை எடுத்துக்கொண்டு போகும். இந்த ஓட்டையை எலும்பும் குடலும் உடனே அடைக்க வேண்டும். அதற்கு ஆணையிடுவது பாராதைராய்டு சுரப்பி. சினைக்காலத்தின் கடைசியில் கால்சியம் தாராளமாகக் கிடைத்துவந்தால் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். சத்துக் குறைவு என்று பயந்து, பால் வற்றிய மாட்டுக்குக் கால்சியம் டானிக்கை ஊற்றுவது அதனால் வினையாகவே முடியலாம். பொட்டாசியம் மிகுந்த பசுந்தீவனம் இரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளி, சுரப்பியின் ஆணையை எலும்பின் காதில் விழாமல் செய்யும். மக்னீசியக் குறைவும் அதே வேலையைச் செய்யும்.

முதலில் தசை நடுங்கும், நடை தள்ளாடும். பிறகு மாடு படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாமேல் சாய்த்துக்கொள்ளும். மூக்கு காய்ந்து, சாணமும் நின்றுவிடும். கவனிக்காவிட்டால் வயிறு உப்பி, நினைவிழந்து இறக்கும்.

1897இல் டென்மார்க் கால்நடை மருத்துவர் ஷ்மித், மடிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்திப் பல மாடுகளைப் பிழைக்க வைத்தார். பின்னர் வெறும் காற்றை அடைத்தாலே போதும் என்று தெரிந்தது. மடியின் அழுத்தம் பால் சுரப்பைத் தடுத்து, கால்சியம் வெளியேறாமல் காத்தது. காரணம் தெரியாமலே கண்ட சரியான வைத்தியம்!

இன்று கால்சியம் போரோகுளுக்கோனேட்டை இதயத் துடிப்பைக் கவனித்தபடி இரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றுவார்கள். வேகம் கூடினால் இதயம் நின்றுவிடக்கூடும். பாட்டில் தீரும் நேரத்தில் மாடு ஏப்பம் விடும், சாணம் போடும், காய்ந்த மூக்கில் வியர்வை துளிர்க்கும். பல மாடுகள் அப்போதே எழுந்து நிற்கும். ஆனாலும் சில மாடுகள் ஓரிரு நாளில் மீண்டும் விழும். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காமலிருப்பது நல்லது.

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் பொட்டாசியம் குறைந்த தீவனமும், இரத்தத்தின் காரத்தன்மையைக் குறைக்க மருத்துவர் அளவிட்ட எதிரயனி உப்புகளும் கொடுப்பது தடுப்புமுறை. சிறுநீரின் அமிலகார எண் 6 முதல் 7க்குள் இறங்கினால் உப்பு வேலை செய்கிறது என்று பொருள். கன்று போட்ட பிறகு கால்சியத்தைத் தாராளமாகவே கொடுக்கலாம்.

படுக்காத மாட்டிலும் கால்சியம் குறைந்திருக்கக்கூடும். நஞ்சுக்கொடி தங்குவது, கருப்பை வெளித்தள்ளுவது, மடிநோய் ஆகியவற்றுக்குப் பின்னால் பலமுறை இருப்பது இந்த மறைந்த குறைவுதான்.