வேலை போனால் வீடும் போகும்

தொலைதூரத்து ஊர் என்றதும் பனி மூடிய துருவப் பகுதிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நார்வேயின் வடகோடியில் லாங்யியர்பியென் என்ற நிலக்கரி நகரில் வீடும் கடையும் சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்தன. 1980 வரை அந்நிறுவனம் அச்சிட்ட பணமே அங்கே புழங்கியது. பனி இல்லையே தவிர, அப்படிப்பட்ட ஊர்கள் நம் பேராக்கின் ரப்பர் தோட்டங்களிலும் இருந்தன.

1877-இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளில் தொடங்கிய கதை இது. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது.

தோட்டத்தில் விடியுமுன்பே பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறினால் பால் குறையும். அதனால்தான் அந்த அவசரம். மழை பெய்தால் வெட்டும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். மளிகைக் கடை, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். "வெளியே போக வேண்டிய தேவையே இல்லை" என்று இன்றும் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. சிக்கலே அதுதானே? லயத்து வீடும், பள்ளியும், கோயில் நின்ற மண்ணும் அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமில்லை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு. ஏற்கெனவே ஒதுங்கிக் கிடந்த ஊர்கள் இன்னும் ஒடுங்கின.

1950-களில் வேறொரு அடி. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலை போன குடும்பத்துக்கு வீடும் போனது, பிள்ளையின் பள்ளியும் போனது. இதைக் கண்டுதான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். பால்மரம் வெட்டியவர்களின் காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியுமா என்ன?

பிறகு செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. தோட்டம் மறைந்த பின்னும், அதன் பெயரைச் சுமந்துகொண்டு சில தமிழ்ப்பள்ளிகள் இன்றும் காலை மணி அடிக்கின்றன.