பழைய பயனெட், படைச் சின்னம்: இனங்காணல்

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களில், பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பயனெட்டோ மெடலோ கிடைத்தால், முதலில் அதைத் தேய்க்காமல் விடவேண்டும். புளியும் வேண்டாம், பிராசோவும் வேண்டாம். முத்திரை தேய்ந்தால் வரலாறே போய்விடும்.

பயனெட்டில், பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதிதான் பேசும் இடம். கிரீடத்தின் கீழ் ‘ஜி.ஆர்.ஐ.’, கூடவே ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. 1907 மாதிரியின் அலகு 17 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். பிடியே இல்லாமல், துப்பாக்கிக் குழலில் மாட்டும் வளையமும் முக்கோண அலகுமாக இருந்தால் இன்னும் பழசு. 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட காலத்துக் கம்பெனிப் படையிடம் இருந்தது அந்த வகை.

தொப்பிச் சின்னத்தின் உச்சியில் கிரீடம் இருந்தால் பிரிட்டிஷ் காலம். அசோகச் சிங்கங்கள் இருந்தால் குடியரசுக் காலம். குறுக்கு வாள்களோடு யானை என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட். அந்த யானை 1803 அசாயே போரின் நினைவு.

மெடலுக்கு விளிம்பு முக்கியம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் படை எண், பதவி, பெயர், பிரிவு பெரும்பாலும் தெரியும். 1971 போருக்கான சங்கிராம் மெடலிலும் அப்படியே.

1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் பயனெட்டைக் கூர்முனை ஆயுதங்களில் சேர்த்துள்ளன. அரசு அறிவித்த பகுதிகளில் அதை வைத்திருக்க உரிமம் தேவை என்பதால், காவல் நிலையத்தில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.